மாடி லைட்டைத் தானே போடும் 380 ரூபாய் டப்பா: ஒன்றரை வருஷம் வைத்துப் பார்த்ததில்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரமாக இருப்பவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். இருட்டினால் பொது லைட்டைப் போட்டு, விடிந்தால் அணைக்கிற இந்த சென்சார் நல்ல பொருள். கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது. ஐந்துக்கு நான்கு. அந்த ஒரு மார்க்கைக் குறைத்தது டப்பாவோடு வந்த துண்டுச் சீட்டுக்காக. எங்கே மாட்டுவது, எப்படித் திருகுவது என்ற முக்கியமான இரண்டு விஷயத்தையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அந்த இரண்டையும் நாங்கள் எங்கள் கட்டிடத்து ஆட்களிடம் ஏச்சு வாங்கித்தான் கற்றுக்கொண்டோம்.

எங்களுடையது கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோடு பக்கம் 12 வீடு உள்ள அப்பார்ட்மென்ட். கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி, ஒரு லிஃப்ட். மாடிப்படி, நடை, பார்க்கிங், கேட் என்று 14 பொது லைட். எல்லாவற்றுக்கும் மீட்டர் போர்டு பக்கத்தில் ஒரே சுவிட்ச். வாட்ச்மேன் இருந்தவரை அவர் ஐந்து மணிக்கே போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார், காலையில் எட்டரைக்கு ஞாபகம் வந்தால் அணைப்பார். அவர் வேலையை விட்டு நின்ற பிறகு யார் போடுவது என்று ஆரம்பித்தது சண்டை. கீழ் வீட்டுத் தாத்தா, "நான்தான் பக்கத்துல இருக்கேன்னு என் தலையில கட்டாதீங்க" என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். மூன்றாவது மாடி அக்கா வேலை முடிந்து ஏழரைக்கு வரும்போது படிக்கட்டு கும்மிருட்டாக இருக்கும், செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு காய்கறிப் பையோடு ஏறுவார். நான் அசோசியேஷன் செக்ரட்டரி, அதாவது கூட்டத்துக்கு அன்றைக்கு வராமல் போன ஆள். அதனால் வேலை என்னிடம் வந்தது.

கடையில் டே நைட் சென்சார் என்று கேளுங்கள், சிலர் போட்டோசெல் என்பார்கள். ஒளி உணர் சுவிட்ச் என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். உள்ளே இருப்பது ஒன்றும் மந்திரம் இல்லை. எல்.டி.ஆர் என்று பட்டாணி அளவு ஒரு சின்ன வட்டு, பெரும்பாலும் காட்மியம் சல்பைடு பூசியது, மேலே பாம்பு நெளிகிற மாதிரி கோடு போட்டிருக்கும். வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை ஆயிரம் ஓம், இரண்டாயிரம் ஓம் என்று இறங்கிவிடும், இருட்டினால் லட்சம், பத்து லட்சம் என்று ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து ஒரு ரிலே, அதாவது கரண்டால் தானே இயங்குகிற குட்டி சுவிட்ச், டக் என்று ஒட்டும், விடும். அவ்வளவுதான். நாம் திருப்புகிற திருகு, எந்த இருட்டில் அந்த டக் வர வேண்டும் என்று முடிவு செய்வது.

இந்த 380 ரூபாய் டப்பாவுக்கு முன்னால் ஆன்லைனில் 160 ரூபாய்க்கு ஒன்று வாங்கினோம். அதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை, மூன்று மாதம் வந்தது. 10 ஆம்பியர் என்று மேலே போட்டிருந்தது, நம்முடைய லோடு ஒரு ஆம்பியர்கூட இல்லையே என்று நானும் நிம்மதியாக இருந்தேன். அங்கேதான் விஷயம். அந்த 10 ஆம்பியர் என்பது பழைய குண்டு பல்பு மாதிரி லோடுக்கான கணக்கு. எல்.இ.டி பல்புக்குள் கரண்டை அதற்கு ஏற்றபடி மாற்றித் தருகிற டிரைவர் என்ற சர்க்யூட்டில், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டர் இருக்கும், சுவிட்ச் போட்ட நொடியில் அது காலியாக இருப்பதால் கபக்கென்று பல மடங்கு கரண்ட் இழுக்கும். 14 லைட்டும் ஒன்றாக இழுக்கும்போது ரிலேயின் முனைகளில் பொறி பறந்து, ஒரு நாள் இரண்டும் ஒட்டிக்கொண்டு விடாது. எங்களுக்கு அதுதான் நடந்தது. பட்டப்பகலில் எல்லா லைட்டும் எரிகிறது, டப்பாவை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் அணைகிறது, மறுநாள் திரும்பவும் அதே கதை. தட்டினால் சரியாகிறது என்றால் ரிலே முனை ஒட்டுகிறது என்று அர்த்தம், அதோடு மல்லுக்கட்டாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். போதாததற்கு எங்கள் ஆள் ஒயர் மேலே வருகிற மாதிரி தலைகீழாக மாட்டியிருந்தார், ஐப்பசி மழையில் ஒயர் வழியாகவே தண்ணீர் உள்ளே போய்த் தங்கியிருந்தது. ஒயர் எப்போதும் கீழே பார்த்துத்தான் வர வேண்டும், வந்ததும் ஒரு வளைவு தொங்கவிட்டு அப்புறம்தான் பைப்புக்குள் போக வேண்டும். சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

இரண்டாவது முறை ஆன்லைன் பக்கமே போகவில்லை. ஐந்து ரோடு ரவுண்டானா தாண்டி ஒரு எலக்ட்ரிகல் கடை. கடைக்கார அண்ணா கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை லைட்டுங்க, எல்லாம் எல்.இ.டி-யா?" என்பதுதான். அதுவே எனக்குப் பாதி நம்பிக்கை. 25 ஆம்பியர் போட்ட டப்பாவை எடுத்து வைத்தார், 380 ரூபாய், பில்லோடு ஒரு வருஷ வாரண்டி. "உங்க லோடுக்கு இது போதும். நாளைக்கு இன்னும் பத்து லைட் சேர்த்தீங்கன்னா நடுவுல ஒரு கான்டாக்டர் போட்டுக்குங்க" என்றார். கான்டாக்டர் என்பது அதிகக் கரண்டைத் தாங்குகிற பெரிய ரிலே மாதிரி. சென்சார் அதன் காயிலை மட்டும் ஓட்டும், லைட்டுக்கான கரண்டைக் கான்டாக்டர் தாங்கும். அதிகம் விற்க வேண்டும் என்று நினைத்திருந்தால் கான்டாக்டரையும் அன்றைக்கே தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. கடைக்கு ஐந்துக்கு ஐந்து.

டப்பா நம் கைக்குள் அடங்குகிற அளவு. சாம்பல் நிற உடம்பு, மேலே பால் வெள்ளையில் ஒரு மூடி, அடியில் மூன்று ஒயர். பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட ஒரு ஓட்டை, அதைப் பிடுங்கினால் உள்ளே திருகு. ஒரு பக்கம் சூரியன் படம், மறுபக்கம் நிலா படம். எங்களுடையதில் சூரியன் பக்கம் திருப்பினால் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே லைட் வரும், நிலா பக்கம் திருப்பினால் நன்றாக இருட்டிய பிறகு வரும். வேறு கம்பெனியில் இது தலைகீழாக இருக்கலாம், திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த ரப்பர் மூடி கடுகு மாதிரி, கை தவறினால் போச்சு. எங்களுடையது முதல் நாளே மொட்டை மாடியிலிருந்து பறந்து போனது. இப்போது அந்த ஓட்டையில் இன்சுலேஷன் டேப்.

மூன்று ஒயரில் ஒன்று பேஸ் (கரண்ட் வருகிற ஒயர்) உள்ளே, ஒன்று நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்), ஒன்று லைட்டுக்குப் போகிற பேஸ். சீட்டில் நிறத்தோடு படம் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி நல்ல வேலைக்காரர்தான், ஆனால் அன்றைக்குப் பழைய ஒயரிங்கில் எது பேஸ், எது நியூட்ரல் என்று டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் நிறத்தை நம்பிவிட்டார். விளைவு, சென்சார் பேஸுக்குப் பதிலாக நியூட்ரலைத் துண்டித்துக்கொண்டிருந்தது. லைட் எரிந்தது, அணைந்தது, எல்லாம் சரிபோலத்தான் இருந்தது. ஆனால் அணைந்த பிறகும் மாடிப்படி பல்புகள் மட்டும் மின்மினிப் பூச்சி மாதிரி மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருந்தன. எல்.இ.டி-க்கு ஒரு துளி கரண்ட் கசிந்தாலே போதும், காட்டிக் கொடுத்துவிடும். பகலில் யாருக்கும் தெரியவில்லை, இடையில் ஒரு நாள் மழை இருட்டில் இரண்டாவது மாடிப் பையன்தான் கவனித்துச் சொன்னான். நியூட்ரல் துண்டாகி, பேஸ் ஹோல்டரில் அப்படியே நிற்கிறது என்றால் லைட் அணைந்திருக்கிறது என்று நம்பி பல்பு மாற்றப் போகிறவருக்கு ஷாக். இது விளையாட்டில்லை. சென்சார் மாட்டுவதானால் எது பேஸ் என்று டெஸ்டரால் பார்த்துவிட்டு, எம்.சி.பி-யை (போர்டில் கரண்டைத் துண்டிக்கிற பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிட்டு மாட்டச் சொல்லி, பேஸில்தான் சென்சார் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு ஆளை அனுப்புங்கள். சொந்தமாகச் செய்ய வேண்டாம், தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள்.

அப்புறம் வந்தது கண் சிமிட்டும் கேட்.

முதலில் டப்பாவை கேட் தூணுக்கு மேலே மாட்டினோம். ஒயர் மிச்சம், ஏணி வேண்டாம், சுலபம். அதே தூணில்தான் கேட் லைட்டும் இருக்கிறது. அன்று சாயங்காலம் ஆறே காலுக்கு எல்லா லைட்டும் எரிந்தன. கை தட்டாத குறை. அரை நிமிஷம் கழித்து எல்லாம் அணைந்தன. திரும்ப எரிந்தன. திரும்ப அணைந்தன. பார்க்கிங், படி, கேட் எல்லாம் ஒன்றாக, கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி. கீழ் வீட்டுத் தாத்தா லோ வோல்டேஜ் என்றார். எதிர் வீட்டில் ஒருவர் வந்து ஏதாவது விசேஷமா என்று கேட்டுவிட்டுப் போனார். லிஃப்ட்டில் வந்தவர்கள் லிஃப்ட்டும் நிற்குமோ என்று பயந்து படியில் இறங்கினார்கள், படியிலும் இருட்டு வந்து வந்து போனது. நான் திருகைச் சூரியன் பக்கம் திருப்பினேன், நிலா பக்கம் திருப்பினேன், எதுவும் மாறவில்லை. பொருள்தான் கோளாறு என்று முடிவு செய்து கடைக்கார அண்ணாவுக்கு போன் போட்டேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "சென்சாருக்கு எதிர்ல லைட் இருக்குதுங்களா?"

இருட்டியதும் லைட்டைப் போடுகிறது. லைட் எரிந்ததும் அதே வெளிச்சம் அதன் மூஞ்சியில் அடிக்கிறது. விடிந்துவிட்டது என்று நினைத்து அணைக்கிறது. அணைந்ததும் மறுபடி இருட்டு. இரவு முழுக்க இப்படியே. கண் முன்னால் லைட்டை வைத்துவிட்டுத் திருகைத் திருப்பி என்ன பிரயோஜனம்? இதில் ரிலேயும் ஒரு ராத்திரியில் நூற்றுக்கணக்கான தடவை அடித்துக்கொள்ளும், ஆயுள் போய்விடும்.

இந்த மாதிரி டப்பாவில் இரண்டு பாதுகாப்பு உள்ளேயே உண்டு. ஒன்று, எரிய வைக்கிற வெளிச்ச அளவும் அணைக்கிற அளவும் ஒன்றாக இருக்காது. 10 லக்ஸில் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு) எரிகிறது என்றால் அணைவதற்கு அதைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும். இல்லையென்றால் ஒரு மேகம் போனால்கூடத் துடிக்கும். இரண்டாவது, கொஞ்சம் தாமதம். மின்னல் வெட்டினாலோ, லாரி ஹெட்லைட் அடித்துவிட்டுப் போனாலோ உடனே அணையாமல் அரை நிமிஷம் யோசித்துப் பார்க்கும். இரண்டும் நல்ல ஏற்பாடு, ஆனால் ஒரு முழம் தள்ளி 15 வாட் லைட்டை வைத்துக்கொண்டு அது தாங்கும் என்று எதிர்பார்ப்பது நம் தப்பு.

இடத்தை மாற்றினோம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம், வடக்கு பார்த்து, எந்த லைட்டும் கண்ணில் படாத மூலை. ஏன் வடக்கு என்றால், கிழக்கு பார்த்தால் காலை வெயில் சீக்கிரம் அடித்துப் படிக்கட்டு இருட்டாக இருக்கும்போதே அணைத்துவிடும், மேற்கு பார்த்தால் அஸ்தமன வெயில் நேராக விழுந்து லைட் வரத் தாமதமாகும், வெயிலில் பிளாஸ்டிக்கும் மஞ்சளாகி மூடி மங்கும். வடக்கு வானம் வருஷத்தில் பெரும்பாலான நாள் ஒரே மாதிரி வெளிச்சம் தரும். கூடுதலாக 11 மீட்டர் ஒயர், அதற்கான பைப், தம்பியின் அரை நாள் கூலி. சீட்டில் ஒரு வரி போட்டிருந்தால் இந்தச் செலவு மிச்சம். குறைத்த மார்க் இதற்குத்தான்.

சரி, இனி திருகு. இதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள், நானும் செய்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு ஏணி போட்டு ஏறி, கையால் மூடிப் பார்த்து, கறுப்பு டேப் ஒட்டிப் பார்த்து, "எரியுது, சரியா இருக்கு" என்று இறங்கிவிடுவது. டேப் ஒட்டிப் பார்ப்பது ஒயரிங் சரியா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான். அதையும் ஒட்டிய உடனே எரியவில்லை என்று கலங்காதீர்கள், அந்தத் தாமதம் முடியும் வரை ஒரு நிமிஷம் காத்திருங்கள். திருகைச் சரி செய்வதற்கு ஒரே நேரம்தான் உண்டு, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். திருகை முதலில் நிலா பக்கக் கடைசிக்குத் திருப்பி விட்டுவிடுங்கள், இப்போது லைட் வராது. கீழே ஒருவரை நிறுத்துங்கள். இந்த இருட்டில் லைட் வந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றும்போது ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள். குரல் வந்ததும் திருகை மெல்ல, மெல்ல, சூரியன் பக்கம் திருப்புங்கள். ஒரு நூல் திருப்பி, அரை நிமிஷம் நிறுத்தி, இன்னொரு நூல். டக் என்று சத்தம் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அதுதான் அந்த இடத்துக்கான அளவு. அதற்கு அப்புறம் மூன்று நான்கு நாள் தொடவே கூடாது. ஒரு நாள் மேகமூட்டத்தில் செய்திருந்தால் மட்டும் இன்னொரு தெளிந்த நாளில் சரி பாருங்கள். திருகு ரொம்ப மென்மையானது, கடைசிக்குப் போன பிறகும் அழுத்தித் திருப்பினால் உள்ளே உடையும். வீட்டில் கண்ணாடி இறுக்குகிற சின்ன ஸ்க்ரூ டிரைவர் போதும்.

காலையில் அது சாயங்காலத்தின் நேர் எதிராக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எரிந்த அளவைவிட அதிக வெளிச்சத்தில்தான் அணையும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் விடிந்து கண்ணுக்கு எல்லாம் தெரிந்த பிறகும் சில நிமிஷம் எரியும். "பகல்ல எரியுது, செக்ரட்டரி என்ன பண்றார்" என்று குரூப்பில் போட்டோ போடுவதற்கு முன் ஒரு ஐந்து நிமிஷம் பொறுங்கள் என்று எங்கள் வீடுகளுக்குத் தனியாகக் கேட்டுக்கொண்டேன்.

இதற்கு நடுவில் பௌர்ணமி பஞ்சாயத்து. முதல் மாடியில் ஒருவர், பௌர்ணமி அன்று நிலா வெளிச்சத்தைப் பார்த்து சென்சார் லைட்டை அணைத்துவிடுகிறது என்று உறுதியாகச் சொன்னார். அவர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். மேகமூட்டமான பகல் சில ஆயிரம். சூரியன் மறைகிற நேரம் சில நூறு. பௌர்ணமி நிலா தலைக்கு மேலே நின்றாலும் கால் லக்ஸ்தான். 10 லக்ஸுக்குத் திருகி வைத்த டப்பாவுக்கு நிலா இருப்பதே தெரியாது. அன்றைக்கு லைட் அணைந்ததற்குக் காரணம் பக்கத்து மனையில் கான்கிரீட் போட ராத்திரியில் ஏற்றிய ஃபோகஸ் லைட். கான்கிரீட் முடிந்தது, பௌர்ணமி தோஷமும் நீங்கியது.

ஆனால் பெரிய சண்டை பார்க்கிங்காரர்களுக்கும் மூன்றாவது மாடிக்கும்தான். கீழே மூன்று பக்கம் சுவர், தாழ்ந்த கூரை, மார்கழியில் ஐந்தரைக்கே ஸ்கூட்டர் சாவித் துவாரம் தெரியாது. மேலே மொட்டை மாடியில் அதே நேரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தாத்தா வந்து, "இன்னும் கொஞ்சம் திருப்புப்பா" என்பார். திருப்புவேன். மேல் மாடி அக்கா, "சூரியன் மறையறதுக்கு முன்னாடியே எரியுது, கரண்ட் பில்லை நீங்களா கட்டப் போறீங்க" என்பார். திருப்பி வைப்பேன். இரண்டு வாரம் இப்படி ஓடிய பிறகுதான் உட்கார்ந்து நேரத்தைக் குறித்துப் பார்த்தேன். திருகை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை திருப்பியும் லைட் வருகிற நேரம் கால் மணிக்கு மேல் நகரவில்லை! இருவரும் சண்டை போட்டது அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குத்தான்.

காரணம் நம் ஊர் அந்தி. பூமத்திய ரேகைக்கு நாம் கிட்டே இருப்பதால் சூரியன் சாய்வாக நழுவாமல் கிட்டத்தட்ட நேராக இறங்கும். மறைந்த நேரத்தில் இருக்கிற சில நூறு லக்ஸ், இருபத்து சொச்சம் நிமிஷத்தில் மூன்று நான்கு லக்ஸாகிவிடும். 50 லக்ஸில் வை, 10 லக்ஸில் வை, இரண்டுக்கும் நடுவே ஒரு டீ குடிக்கிற நேரம்தான். அதனால் மொட்டை மாடியில் இருக்கிற சென்சாரை எப்படித் திருகினாலும் பார்க்கிங்குக்கு ஒரு மணி நேரம் முன்னால் லைட் கொண்டுவர முடியாது. மூடியில் பாதிக்கு டேப் ஒட்டிப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னார்கள், வெளிச்சத்தைப் பாதியாக்கினாலும் சில நிமிஷம்தான் முன்னால் வரும், அவ்வளவு வேகமாக இருட்டுகிறது.

ஒரே வழி, பார்க்கிங் லைட்டைத் தனியாகப் பிரித்து அதற்கு இன்னொரு சென்சார். அதையும் பார்க்கிங்குக்குள்ளேயே, அங்கே இருக்கிற இருட்டைப் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். வெளியே இருக்கிற வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் எங்கள் பார்க்கிங் மூலைக்கு வருகிறது. வெளியே ஆயிரத்தைந்நூறு லக்ஸ் இருக்கும்போது அங்கே பதினைந்து. ஆகவே அதே டப்பா, அதே திருகு, ஆனால் சூரியன் மறைவதற்கு முன்னாலேயே எரிந்துவிடுகிறது. கண் சிமிட்டல் பாடம் ஞாபகம் இருந்ததால் ஒரு பீமின் மறைவில், லைட்டுக்கு முதுகு காட்டி, வாசல் பக்கம் பார்த்து மாட்டினோம். அப்படியும் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தொல்லை கொடுத்தது, ஒரு பிவிசி பைப் துண்டைக் குழாய் மாதிரி முன்னால் செருகி அடக்கினோம். பொங்கலுக்கு வெள்ளையடித்த அன்று மறுபடி ஆரம்பித்துவிட்டது, அழுக்குச் சுவர் திரும்பத் தராத வெளிச்சத்தைப் புதுச் சுண்ணாம்பு தந்துவிட்டது. பைப்பை இன்னும் நான்கு விரல் நீட்டினோம், நின்றது.

ஒன்றரை வருஷத்தில் பொருளே கோளாறு ஆனது ஒருமுறைகூட இல்லை. கோளாறு என்று வந்த புகார்கள் இரண்டு. போன சித்திரையில் மொட்டை மாடி சென்சார் பகல் முழுக்க லைட்டை எரித்தது. ரிலே போச்சு என்று நினைத்து ஏறினால், மூடியின் மேலே குளவி மண்கூடு கட்டி வைத்திருக்கிறது. அதைப் பொறுத்தவரை நிரந்தர அமாவாசை. சாயங்காலம் குளவி போன பிறகு சுரண்டினோம். இன்னொன்று தூசி. கிரானைட் லாரி ஓடுகிற ஊர், மூடியில் ஒரு படலம் ஏறிக்கொண்டே இருக்கும், லைட் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வரும், நாம் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்போம். திருகைத் தொடுவதற்கு முன் ஈரத்துணியால் மூடியைத் துடையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

காசுக் கணக்கு கேட்பீர்கள். 14 லைட்டும் சேர்த்து 180 வாட் சொச்சம். வாட்ச்மேன் காலத்தில் தேவையில்லாமல் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் எரிந்தது என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 43 யூனிட். 2022-ல் பொது இணைப்புக்குத் தனிக் கட்டணம் கொண்டுவந்த பிறகு எங்களுக்கு யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், ஆக ஒரு பில்லுக்கு 350 ரூபாய். 2023-ல் பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டிடங்களுக்கு ஐந்தரை ரூபாயாகக் குறைத்தார்கள். 12 வீடும் லிஃப்ட்டும் வைத்திருக்கிற நாங்கள் அதில் வரவில்லை, அது தனி வயிற்றெரிச்சல். 350-ஐ 12 வீட்டுக்குப் பிரித்தால் இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு 30 ரூபாய்கூடத் தேறாது. மிச்சம் என்று சொல்லி இதை விற்க மாட்டேன். யார் சுவிட்ச் போடுவது என்ற பேச்சு கூட்டத்தில் வரவில்லை, அந்த அக்கா டார்ச்சைப் பல்லில் கடிக்கவில்லை, எனக்கு அது போதும்.

டைமர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு. சாதா டைமர் வேண்டாம், ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய ஆறே முக்கால், நவம்பர் கடைசியில் ஆறுக்கு முன்பே, மாதத்துக்கு மாதம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஊரின் அட்சரேகை தீர்க்கரேகையும் தேதியும் கொடுத்தால் அஸ்தமன நேரத்தைத் தானே கணக்குப் போடுகிற டைமர் இருக்கிறது, கடையில் மூவாயிரத்தை ஒட்டி விலை சொன்னார்கள். குளவி, தூசி, எதிர் லைட் எதுவும் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் நான்கு மணிக்கே இருட்டிக்கொண்டு மழை கொட்டும் நாளில் அது சும்மா உட்கார்ந்திருக்கும். சென்சார் மாட்ட ஒழுங்கான மூலையே கிடைக்காத கட்டிடத்துக்கு அதுதான் சரி. ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற மோஷன் சென்சார் படிக்கட்டுக்கு நல்லதுதான், எங்கள் கட்டிடத்தில் பூனைகள் அதிகம் என்பதால் விட்டுவிட்டோம்.

இப்போது இரண்டு டப்பா ஓடுகிறது, மொட்டை மாடியில் ஒன்று, பார்க்கிங்கில் ஒன்று. இந்த வாரம் மேலே ஆறு முப்பத்தைந்துக்கு எரிகிறது, கீழே ஆறு மணி சுமாருக்கு. தாத்தா இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தால் தேவலை என்று நேற்றுகூடச் சொன்னார். பார்க்கிங் சென்சார் அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. கண்ணாடி இறுக்குகிற ஸ்க்ரூ டிரைவர் என் வீட்டு அலமாரியில் பூட்டி இருக்கிறது.